சுந்தரம் எங்கே?

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய 'நண்பகல் நேரத்து மயக்கம்' 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது. எழுதியவர் எஸ். ஹரீஷ். கேரள அரசு அதைச் சிறந்த படமாகவும் மம்மூட்டியைச் சிறந்த நடிகராகவும் தெரிவுசெய்தது. நமது மலையகத்தில் பலர் அதைக் கைபேசியில்தான் பார்த்தார்கள். வாசகர் சிலரோடு சேர்ந்து பார்த்து, இரவு வெகுநேரம் வாக்குவாதப்பட்டபின் இதை எழுதுகிறோம்.

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறது ஒரு மலையாள நாடகக் குழு. மதியத் தூக்கத்திலிருந்து விழிக்கும் ஜேம்ஸ் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்குகிறான். வயலூடே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் போகிறான், கைலி கட்டுகிறான், மாட்டைக் கவனிக்கிறான். அந்த வீட்டிலிருந்து முன்பொரு நாள் காணாமற்போன சுந்தரமாகவே பேசத் தொடங்குகிறான், அதுவும் தமிழில். சற்று முன்புவரை தமிழ்ப் பாட்டும் தமிழ்நாட்டுச் சாப்பாடும் பிடிக்காமல் முகம் சுளித்தவன் அவன். ஆவி புகுந்ததா, கனவா, நாடகக்காரனுக்கு வேடம் முற்றிவிட்டதா? படம் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம்தான் அதன் பலம் என்பது எங்கள் கட்சி.

நினைவு தப்புவதென்றால் நமது சினிமாவுக்குத் தலையில் ஓர் அடி போதும். 'கஜினி'யில் அது பழிவாங்கலுக்கு உதவியது, 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் சிரிப்புக்கு உதவியது. இரண்டிலும் நினைவைத் தொலைத்தவன் இன்னாரென்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. இங்கே எதுவும் தொலையவில்லை. இன்னொருவனுடைய நினைவு முழுதாக வந்து இறங்கிவிடுகிறது. அவனுக்கு ஊரின் சந்து பொந்தெல்லாம் தெரிகிறது, ஆனால் கண்ணாடியில் தெரியும் முகம் அவனுக்கு அந்நியமாக இருக்கிறது.

தேனி ஈஸ்வரின் கமரா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. தனியாகப் பின்னணி இசை கிடையாது. எங்கோ ஒரு வீட்டில் ஓடும் பழைய தமிழ்ப் பாட்டும் பட வசனமுமே படம் நெடுகக் கேட்கின்றன. இந்தச் சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. இலங்கை வானொலி காலத்து லயத்தில் ஒரு காம்பிராவில் போட்ட பாட்டு கடைசிக் காம்பிரா வரை கேட்கும். அதே அலைவரிசையை அக்கரையில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் கேட்டுக்கொண்டிருந்தன. பழனிப் பக்கத்தில் எடுத்த படம் டயகமக்காரருக்கும் ஹோல்புறூக்காரருக்கும் சொந்த ஊர்ப் படம்போலத் தோன்றியதற்கு இது ஒரு காரணம்.

விவாதம் முழுவதும் ஜேம்ஸைப் பற்றியே நடந்தது. கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா கடைசியில் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, அந்தச் சுந்தரம் எங்க போனான்னு சொல்லவே இல்லியே?" அவருடைய அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. சில காலம் கடிதம் வந்து, பிறகு நின்றுவிட்டது.

நாங்கள் படித்த விமர்சனங்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. இந்த மண்ணில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்புக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார். இங்கே இந்தியத் தமிழரென்று எழுதப்பட்டவர்கள் நீலகிரியில் இறங்கியதும் சிலோன்காரர் ஆனார்கள். 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போனவர்களுக்கு அங்கே வேறு பெயர். தூங்கி விழிக்கும் முன் ஆள் மாறிப்போவது எங்கள் வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது.

ஒருவன் இன்னார் என்பதற்கு யார் சாட்சி? வங்காளத்தின் பாவல் ஜமீனில் இப்படியொரு வழக்கு நடந்தது. 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட இளவரசர் 1921இல் சந்நியாசியாகத் திரும்பிவந்தார். ஆயிரத்துக்கும் அதிகமானோர் சாட்சி சொல்லி, 1946இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், அவரே இவர் என்று முடிந்தது. ஜமீனுக்கு அந்த வசதி இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டுச் சட்டத்தாலும் நமது பாட்டன்மார் தாங்கள் இங்கேயே தொடர்ந்து வாழ்ந்ததைக் கடதாசியால் காட்ட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானோரே தேறினர். தேயிலை மலைக்குச் சாட்சி சொல்ல வாய் இல்லை. எஞ்சியவர்களுக்கான சட்டம் வர 2003 ஆயிற்று.

அந்தக் கடதாசித் தொல்லை இன்னும் தீரவில்லை. தாய் வைத்த பெயர் ஒன்று, கிளாக்கர் பதிந்தது ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று. ஐம்பத்தைந்து வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போகிறவர் "இந்த மூவரும் நானே" என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். 'நான் யார்' என்று ஞானிகள் மலைமேல் போய்த் தேடியதை எங்கள் மலையில் ஒரு சமாதான நீதவான் முத்திரை குத்தித் தீர்த்துவைக்கிறார்.

படத்தில் சுந்தரத்துக்குக் கடதாசி எதுவும் தேவைப்படவில்லை. பார்வையற்ற தாயும், ஏற்கவும் விலக்கவும் முடியாமல் நிற்கும் மனைவி பூங்குழலியும், மூக்கின்மேல் விரல் வைக்கும் ஊரும் அவனை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆளில்லாமலே அவன் அங்கே இருந்துகொண்டிருக்கிறான். போனவர்களை அறிந்த தலைமுறை நமது தோட்டங்களில் வேகமாகக் குறைந்துவருகிறது. அவர்களும் போய்விட்டால் கப்பலேறியவர்கள் ஒப்பந்தத்தின் இலக்கத்தில் மட்டுமே மிஞ்சுவார்கள். 2023இல் மலையகத் தமிழர் இங்கே வந்ததன் 200 ஆண்டு நிறைவைப் பாதயாத்திரையோடும் மேடைகளோடும் கொண்டாடிய நாம் இந்தப் பெயர்களைத் திரட்டினோமா?

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் லயத்திலிருந்து இந்தியா போனவர்களின் பெயர், தோட்டம், டிவிசன், போன ஆண்டு, போன இடம் ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். சரியான திகதி கிடைக்காவிட்டால் தீபாவளிக்கு முன்னா பின்னா என்றாவது எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து இதற்கெனப் பக்கங்களை ஒதுக்குகிறோம். எழுத வராத பெரியவர்கள் ஆளனுப்பிச் சொன்னால் போதும், நாங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.