பெயர் சூட்டும்வரை புயல் காத்திராது

சித்திரை முடிந்து வைகாசி தொடங்கும் வேளையிலே கிழக்குக் கரையிற் கடல் அமைதி கொள்கிறது. வாடைக் காற்றின் கொடுமை தணிந்து, கொண்டலும் ஓய்ந்து, வடக்கிலே சோளகம் என்றும் மட்டக்களப்பிலே கச்சான் என்றும் வழங்கும் காற்று முழுவதாய்ப் பிடிக்குமுன் உள்ள இடைக்காலம் அது. முல்லைத்தீவு முதல் பொத்துவில் வரை வள்ளங்கள் இறங்குகின்றன. கரைவலை வாடிகள் நிறைகின்றன. நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்தும் பருவகாலத் தொழிலுக்கு மீனவர் வந்து சேருகின்றனர். உள்நாட்டு வயல்களிற் சிறுபோக விதைப்பு நடைபெறுகிறது. கடலை நம்பியவனுக்கும் மண்ணை நம்பியவனுக்கும் நம்பிக்கை துளிர்க்கும் காலம் அதுவே.

அக்காலத்திலேதான் வங்காள விரிகுடாவின் தென்பாகத்தில் ஆண்டின் முதலாவது பெருந் தாழமுக்கமும் பெரும்பாலும் தோன்றுகின்றது.

நம் மக்களுடைய அச்சத்துக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. அதிலே புயலுக்குரிய மாதங்கள் கார்த்திகையும் மார்கழியுமே. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறையாடி 900க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்ற சூறாவளியும் அப்பஞ்சாங்கத்தை எழுதிவைத்தன. ஆனால், வங்காள விரிகுடாவுக்குப் புயற் காலங்கள் இரண்டு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்குமுன், ஏப்ரில், மே மாதங்களை ஒட்டி மற்றொன்று. முன்னதற்கு நாம் கூரையைக் கட்டுகிறோம். பின்னதற்கு வலையைக் கட்டிக்கொண்டு கடலுக்குச் செல்கிறோம். ஆபத்தின் பாதி இந்த மனப்பழக்கத்திலேயே இருக்கின்றது.

மறு பாதி எங்கே இருக்கின்றது? அதுவே இக்கட்டுரையின் கேள்வி.

பெயரும் ஆபத்தும்

காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 63 கிலோ மீற்றரை எட்டும்போதே ஒரு தாழமுக்கம் சூறாவளி என்ற தகுதியைப் பெறுகின்றது. அப்பொழுதுதான் புதுடில்லியிலுள்ள பிராந்திய நிலையம், இக்கடலைச் சூழ்ந்த நாடுகள் கொடுத்துவைத்த பட்டியலிலிருந்து அதற்கு ஒரு பெயர் சூட்டுகின்றது. பெயர் பிறந்தவுடன் பத்திரிகைகள் விழிக்கின்றன. அமைச்சர்கள் அறிக்கை விடுகின்றனர். கச்சேரிகளிற் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அதற்கு முந்திய நாட்களில் அது கடலிலே கிடக்கும் பெயரற்ற குழப்பம். பெயரற்றதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஆனால் உயிரைக் குடிப்பது பெயரா? 2016 மே மாதத்தை எண்ணிப் பாருங்கள். இலங்கையை ஒட்டி உருவான தாழமுக்கம் ஒன்று நாட்டின் பெரும்பகுதியிலே மழையைக் கொட்டியது. கிளிநொச்சியிலே வெள்ளம் ஏறியது. மே 17ஆம் திகதி அரநாயக்காவில் மலை சரிந்து ஊர்களைப் புதைத்தது. அத்தாழமுக்கம் வடக்கே நகர்ந்து, ‘ரோனு’ என்ற பெயரைப் பெற்றது மே 19ஆம் திகதியே! மாலைதீவு மொழியிலே ரோனு என்றால் தென்னந்தும்புக் கயிறு என்று பொருள். அந்தக் கயிறு, பெயர் பெறுவதற்கு இரண்டு நாட்கள் முன்னரே இங்கே கழுத்துக்களை இறுக்கிவிட்டது.

2003 மே மாதத்தின் கதையும் இதுவே. விரிகுடாவின் நடுவிலே கிடந்த சூறாவளியொன்று இலங்கைக் கரையைத் தொடவேயில்லை. எனினும் அது தென்மேற்குக் காற்றைத் தன்பக்கம் இழுத்த இழுப்பிலே இரத்தினபுரிப் பகுதியில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டு 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே, பெயர் வரட்டும், கரையைத் தொடட்டும் என்று காத்திருக்கும் நிர்வாகம் பிணங்களை எண்ணுவதற்குத்தான் பயன்படும்.

கரையிலே நிற்பவன் காண்பதென்ன?

தாழமுக்கம் வளரும் அந்த மூன்று நான்கு நாட்களிலே கரையூர் ஒன்றிலே நடப்பதைக் கவனியுங்கள். வயது முதிர்ந்த மீனவர் கீழ்வானத்தின் நிறத்தையும், காற்றில்லாத வேளையிலே கரைக்கு வரும் நீண்ட அலையையும் பார்க்கிறார். தொலைவிலே எங்கோ கடல் குமுறுகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால், எங்கே, எப்பொழுது, எத்திசை நோக்கி என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய பேரன் கைத்தொலைபேசியிலே அந்நிய நாட்டு நிலையங்கள் வரையும் வர்ணப் படங்களைப் பார்க்கிறான். படம் கண்ணுக்குத் தெரிகிறது; அதன் பொருள் ஆங்கிலத்திலே கிடக்கிறது. ஒரு படம் புயல் பருத்தித்துறைக்கு வரும் என்கிறது; மற்றொன்று வங்காளத்துக்குப் போகும் என்கிறது. பாட்டனுடைய அனுபவத்துக்கும் பேரனுடைய படத்துக்கும் நடுவே நின்று, தெளிந்த தமிழிலே ஒரு சொல் சொல்லவேண்டியது அரசு. அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தால் வதந்தி வந்து குடியேறுகின்றது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த கரைகளில் வதந்திக்குள்ள வலிமையை விளக்க வேண்டுவதில்லை.

வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலே அறிக்கை வெளியிடுவதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது; வெளியிடுகிறது. நாம் கேட்பது, அவசர வேளையிலே அது எப்பொழுது வருகிறது, யாருக்கு விளங்குகிறது என்பதே. கடற்பிராந்தியம், கொந்தளிப்பான நிலைமை, எதிர்பார்க்கப்படுகின்றது என்று அடுக்கும் மொழிபெயர்ப்புத் தமிழைக் கேட்டு, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுக்காரன் இன்றிரவு போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது எப்படி? நாற்று நட்டவன் வாய்க்காலை வெட்டிவிடுவதா, மறிப்பதா என்று அறிவது எப்படி?

1956இலே பறிக்கப்பட்ட மொழியுரிமை, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தினால் எழுத்தளவில் ஓரளவு மீண்டது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு கூறுகின்றது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி நாட்டை உலுக்கி, 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, எச்சரிக்கைகள் தமிழிலே தாமதமாகவும் குறைவாகவுமே கிடைத்தன என்ற முறைப்பாடு பல தரப்பிலிருந்தும் எழுந்தது. மலைச்சரிவுகளின் கீழே வரிசை வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர் பலருக்குத் தமிழே தெரிந்த மொழி. படிவம் தமிழில் இல்லாவிட்டால் ஒருவன் ஒருநாள் அலைகிறான். எச்சரிக்கை தமிழில் இல்லாவிட்டால் அவன் உயிரே போகிறது.

இதனைத் தமிழருடைய குறையாக மட்டும் கருதவேண்டாம். 2013 ஜூன் மாதத்தில் தென்மேற்குக் கரையிலே திடீரென எழுந்த காற்றில் 40க்கு மேற்பட்ட மீனவர் மாண்டபோது, உரிய எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று சிங்களக் கரையூர்களும் குமுறின. கொழும்பிலுள்ள அலுவலகத்துக்கும் கரையிலுள்ள வாடிக்கும் இடையேயுள்ள தூரம் எல்லாருக்கும் நீண்டது. தமிழனுக்கு அத்தூரம் இருமடங்கு, அவ்வளவே.

அயலார் கற்ற பாடம்

2008 ஏப்ரில் இறுதியிலே தோன்றிய ‘நர்கிஸ்’ முதலிலே இந்தியக் கரையை நோக்குவதுபோலிருந்து, பின் கிழக்கே திரும்பி, மே 2ஆம் திகதி பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்திலே புகுந்தது. இந்தியாவிலிருந்து 48 மணி நேரத்துக்கு முன்னரே செய்தி சென்றிருந்தது. அச்செய்தி தலைநகருக்குச் சென்றதேயன்றிக் குடிசைகளுக்கு உரிய முறையிற் சென்றடையவில்லை. மாண்டோரும் காணாமற் போனோருமாக ஏறக்குறைய 1,38,000 பேர்!

2019 ஏப்ரில் இறுதியில் ‘பானி’ நம் தென்கிழக்கே தோன்றியது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் துயரம் ஆறாத அந்நாட்களிலே நம் கரைகளும் தமிழகக் கரைகளும் அதனைக் கவலையோடு பார்த்திருந்தன. அது வடக்கே வளைந்து, மே 3ஆம் திகதி ஒடிசாவைத் தாக்கியது. 1999இலே சூறாவளியொன்றுக்கு ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பலிகொடுத்த மாநிலம் அது. இம்முறை 26 இலட்சம் தொலைபேசிச் செய்திகள் சென்றன; 43,000 தொண்டர்கள் ஊரூராய்ச் சென்றனர்; 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கரையைவிட்டு அகற்றப்பட்டனர். பலியானோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. ஒடிசா பெரும் பணக்கார மாநிலமன்று. மக்களின் மொழியிலே, வேளைக்கு, வீட்டுவாசலிலே சொல்லுவது என்று உறுதிகொண்டது, அதுதான் வேறுபாடு.

முன்கூட்டிச் சொன்னாற் புயல் திசைமாறிப் போகும். மக்கள் அடுத்தமுறை நம்பமாட்டார்கள் என்று அதிகாரிகள் கூறக்கூடும். வாதத்திற் பொருளுண்டு; பானியே திரும்பிப் போனதல்லவா? ஆனால் விடை மௌனமாய் இருப்பதன்று. வரலாம், வராமலும் போகலாம், நாளை காலை மறுபடி சொல்கிறோம் என்று உள்ளபடி சொன்னால் நம் மக்கள் விளங்கிக்கொள்வர். வானத்தை நம்பி விதைப்பவனுக்கு நிச்சயமின்மை புதிய சங்கதியல்ல. அவனுக்குள்ள உண்மையான இடர் வேறு. இரண்டு நாட் கரையில் நின்றால் இரண்டு நாள் உலையில் அரிசி இல்லை. அதனை அறியாமற் கடலுக்குப் போகாதே என்று மட்டும் சொல்லும் அரசாங்கம் பாதிக் கடமையையே செய்கின்றது.

நாம் கேட்பவை

ஒன்று: தாழமுக்கம் தோன்றிய நாள் முதல், பெயருக்குக் காத்திராது, மூன்று மொழிகளிலும் ஒரே வேளையிலே அறிவித்தல் வெளிவரவேண்டும். இரண்டு: அதனைத் தமிழிலேயே சிந்தித்து எழுதவல்ல உத்தியோகத்தர் இரவும் பகலும் அவ்வலுவலகங்களிலே கடமையில் இருக்கவேண்டும். மூன்று: அறிவித்தல் கச்சேரியோடு நில்லாது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புக்களுக்கும் தோட்டங்களுக்கும் நேரே செல்லவேண்டும். நான்கு: கடலுக்குச் செல்லத் தடைவிதிக்கும் நாட்களுக்கு உலர் உணவு நிவாரணம் வழங்கவேண்டும்.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. புவியியல் கற்ற ஆசிரியர்களும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் நம்மிடையே நிறைய உண்டு. கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் ஒலிபெருக்கிகள் உண்டு. கற்றவனுடைய அறிவையும் கரையூரின் ஒலிபெருக்கியையும் இணைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வங்காள தேசம், 1970இலே 3 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த பின்னர், கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்திய தொண்டர் படையொன்றை ஊர்தோறும் எழுப்பியது. நாமும் அவ்வாறு செய்யலாம். ஆனால் அத்தொண்டன் உரக்கக் கூறவேண்டிய செய்தியை வேளைக்குக் கொடுக்கவேண்டியவர்கள் கொழும்பிலேயே இருக்கின்றனர்.

புயலைத் தடுக்க எந்த அரசாங்கத்தாலும் இயலாது; அதனை யாரும் கேட்கவில்லை. கரையிலே நிற்கும் தமிழ்க் குடிமகனுக்குப் புயலுக்கு முன்னே செய்தி வந்து சேரவேண்டும். அவன் வரி செலுத்தும் அரசாங்கத்திடம் இதைவிடக் குறைவாகக் கேட்பதற்கு எதுவுமில்லை.