இருண்ட திரைக்கு யார் பொறுப்பு?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டி, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கணினிகளை எடைக்குப் போடாமல் லினக்ஸுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்ற பேச்சு இலக்கிய வட்டங்களிலும் கேட்கிறது. நல்ல பேச்சுதான். எழுதவும் மின்னூல் வாசிக்கவும் கடிதம் அனுப்பவும் அத்தகைய கணினி தாராளமாகப் போதும். ஆனால் மாறியவர்களுள் ஒரு பகுதியினர் சில மாதங்களில் திரும்பி வந்து சொல்வது ஒரே செய்திதான்: வழக்கமான புதுப்பித்தலுக்குப் பின் திரை இருண்டுவிட்டது, கணினி செத்துவிட்டது. பெரும்பாலும் செத்திருக்காது என்பதே எங்கள் கட்சி. அதற்குள் ஒரு பூட்டிய இயக்கி இருந்திருக்கும். அதைப் பேணுவோர் எவரும் இன்று இருக்க மாட்டார்கள்.

கடைக்காரர் டிரைவர் என்பதைத்தான் இயக்கி என்கிறோம். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கும் திரையில் படம் வரையும் சில்லுக்கும் நடுவே நின்று, இன்ன இடத்தில் இன்ன எண்ணை எழுது என்ற அளவுக்குச் சின்னச் சின்ன ஆணைகளாக மொழிபெயர்த்துத் தரும் நிரல் அது. லினக்ஸ் கர்னல் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. அதன் உள்ளமைப்பு மாறாது என்று எவரும் உறுதி கொடுப்பதில்லை. கொடுக்க மாட்டோம் என்பதைக் கொள்கையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே குடியிருக்கும் திறந்த இயக்கிகளுக்கு இதனால் தொல்லை இல்லை. உள்ளே மாற்றம் செய்பவரே அவற்றையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே நிற்கும் பூட்டிய இயக்கியை அதன் முதலாளிதான் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். அவர் கைவிட்ட நாளில் அந்தச் சில்லின் ஆயுள் குறிக்கப்பட்டுவிடுகிறது.

இதற்குத் துலக்கமான சான்று என்விடியா. 2006 இறுதியில் வரத் தொடங்கிய ஜிஃபோர்ஸ் 8 வரிசையும் அதை அடுத்து வந்த 9 வரிசையும் அன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இருந்தன. அவற்றுக்கான பூட்டிய இயக்கியின் கடைசிப் பதிப்பு 340.108, வெளிவந்தது 2019 டிசம்பரில். அதற்குப் பின் வந்த கர்னல்களோடு அதைப் பொருத்த வெளியாட்கள் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. அதுவும் கர்னலைத் தொடும் மேற்பகுதி மட்டும் மூலநிரலாகக் கிடைப்பதால் முடிகிற காரியம். உள்ளே இருக்கும் பெரும்பகுதியை எவரும் படிக்க இயலாது. 2022இல் அந்நிறுவனம் கர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் 2018இல் வந்த டியூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே அதில் அடங்கும். பழைய அட்டைக்காரருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. (லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் இந்நிறுவனத்துக்கு நடுவிரலைக் காட்டியதை அறிந்திருப்பீர்கள். அந்த நாகரிகத்தை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கோபத்தின் காரணம் புரிகிறது.)

இனி, திரை இருள்வது எப்படி என்று பார்க்கலாம். பலரும் தவறாகக் கணிக்கும் இடம் இது. இதே அட்டைகளுக்கு நூவோ என்றொரு திறந்த இயக்கி உண்டு. என்விடியாவின் பூட்டிய இயக்கி சில்லின் எந்த முகவரியில் எதை எழுதுகிறது என்பதைப் பதிவு செய்து, அந்தத் தடங்களைக் கொண்டே ஆர்வலர்கள் ஊகித்து எழுதியது. பொருள் தெரியாத எழுத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் படித்தறியும் கல்வெட்டு அறிஞரின் பொறுமை அதற்குத் தேவைப்பட்டது. 2010இல் அது கர்னலுக்குள் சேர்ந்தது. பிரெஞ்சு மொழியில் நூவோ என்றால் புதியது. இன்று பழைய அட்டைகளுக்கு அதுவே புகலிடம் என்பது ஒரு வேடிக்கை.

ஒரே அட்டையை இரண்டு இயக்கிகள் ஆள முடியாது. ஆகவே பூட்டிய இயக்கியை நிறுவும்போது, நூவோவை ஏற்றாதே என்று ஒரு தடைக்குறிப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. பிறகொரு நாள் கர்னல் புதுப்பிக்கப்படுகிறது. பூட்டிய இயக்கி புதிய கர்னலுக்குப் பொருந்தாமல் நின்றுவிடுகிறது; தடைக்குறிப்போ அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார், பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுக்கக் கூடாது என்ற சீட்டு மட்டும் கதவில் தொங்குகிறது என்ற கதைதான். இரண்டு இயக்கிகளில் ஒன்றும் ஏறாததால் வரைகலைத் திரை எழவில்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை ஒன்று வரக்கூடும். வந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. அங்கே பூட்டிய இயக்கியை முழுமையாக நீக்க வேண்டும், மோட்ப்ரோப்.டி என்ற கோப்புறையில் நூவோவின் பெயரோடு இருக்கும் பிளாக்லிஸ்ட் வரியை அழிக்க வேண்டும், எக்ஸார்க்.கான்ஃப் என்ற பழைய அமைப்புக் கோப்பு இருந்தால் வேறு பெயரில் ஒதுக்கிவைக்க வேண்டும். துவக்கத்தின்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பை மறுபடி உருவாக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு, எல்லாம் செய்தும் பயனில்லை என்று கைவிட்டவர்கள் உண்டு. தடைக்குறிப்பின் பிரதி அந்தத் தொகுப்புக்குள்ளும் இருக்கும் என்பதுதான் காரணம்.

கேட்டவரெல்லாம் சொல்லும் இன்னொரு மருந்து நோமோட்செட். துவக்க வரியில் இந்தச் சொல்லைச் சேர்த்தால் திரை வந்துவிடும். வருவது எதனால் என்றால், கர்னல் வரைகலைச் சில்லின் பொறுப்பை ஏற்காமல் ஒதுங்கிக்கொள்வதால். பழுது பார்க்க உள்ளே நுழைவதற்கான பின்வாசல் அது. குடியிருக்கும் அறை அல்ல. அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டவர்களின் திரையில், 1280க்கு 800 புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில் 1024க்கு 768 இழுத்துப் பரப்பப்பட்டு, ணகர னகரச் சுழிகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிவதைப் பார்த்திருக்கிறோம். வரையும் வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழுவதால் கணினியும் ஊர்ந்து செல்கிறது. ஜி.எல்.எக்ஸ்.இன்ஃபோ என்ற கட்டளை தரும் விடையில் எல்.எல்.வி.எம்.பைப் என்ற பெயர் தென்பட்டால் நிலைமை இதுவே என்று அறியலாம்.

இயக்கியால் தீராத நோயும் உண்டு. இயங்குதளம் எழுவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் குற்றம் வன்பொருளுடையது. சில மடிக்கணினிச் சில்லுகளின் பொதிவுக் குறைபாட்டுக்காக என்விடியாவே 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அத்தகைய கணினியோடு இரவு முழுதும் மல்லுக்கட்டுவது வீண். பழைய ரேடியான் அட்டைகளின் சிக்கல் பலசமயம் இதைவிட எளியது: சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் இருக்கும். கட்டற்ற உரிமத்தில் வராத அக்கோப்புகளை டெபியன் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமலே இருந்து, 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்த்துக்கொண்டது.

கர்னலைப் புதுப்பிக்காமல் உறையவைத்துவிட்டால் பூட்டிய இயக்கியே ஓடுமே என்பார்கள். ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாத கர்னலில் வங்கிக் கணக்கைத் திறப்பதை எவருக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம். நூவோவில் மின்சக்தி மேலாண்மை முழுமையாக இல்லை. விளையாட்டுகளுக்கு வேகம் போதாது. உறங்கவைத்து எழுப்பினால் சில கணினிகள் முரண்டு பிடிக்கும். வாசிக்கவும் எழுதவும் பயன்படும் கணினிக்கு இந்த இழப்பு தாங்கக்கூடியதே.

திறந்த இயக்கிகளும் கைவிடப்படுவதில்லையா? கைவிடப்படுகின்றன. வரைகலை நூலகமான மெசா, 2022இன் 22.0 பதிப்பில் முதல் ரேடியான்கள் உள்ளிட்ட பழைய சில்லுகளின் நிரலை வெளியே எடுத்தது. ஆனால் எடுத்ததை எரித்துவிடவில்லை. ஆம்பர் என்ற தனிக்கிளையில் அது மூலநிரலோடு கிடக்கிறது, விரும்புவோர் பேணலாம். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2006இல் வந்த 965 முதலான இன்டெல் சில்லுகளுக்கு டேவ் ஏர்லி குரோகஸ் என்ற புதிய இயக்கியையே எழுதி மெசாவில் சேர்த்தார். பதினைந்து வயதுச் சில்லுக்கு ஒரு புதிய இயக்கி! பூட்டிய உலகில் அப்படியொன்று நடந்ததாக எங்கள் நினைவில் இல்லை.

இன்டெல் என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2008 முதல் சிறு மடிக்கணினிகளில் வந்த ஜி.எம்.ஏ. 500 இன்டெல் பெயரைத் தாங்கியிருந்தாலும், உள்ளே இருந்தது இமாஜினேஷன் டெக்னாலஜீஸின் பவர்விஆர். கர்னலில் உள்ள திறந்த இயக்கி அதற்குத் திரையை மட்டும் தருகிறது. முப்பரிமாண முடுக்கம் இல்லை. ஐஸ்டபிள்யூஎம் போன்ற எளிய சாளர மேலாளரை வைத்துத்தான் அதில் காலம் தள்ள வேண்டும்.

பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், விற்பவர் முன்னிலையிலேயே துவக்கிப் பார்க்கலாம். எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளை சில்லின் உண்மையான பெயரைச் சொல்லிவிடும். திரை தன் முழு அளவில் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.