வடை மடித்த தாளில் ஆதார்

கேள்வி: டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாள், யாரோ ஒரு விவசாயியின் ஆதார் ஜெராக்ஸ்! கேட்கிற இடத்திலெல்லாம் ஜெராக்ஸ் கொடுக்கலாமா?
- பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வெறும் அடையாளத்துக்குக் கேட்டால் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். 12 இலக்கத்தில் முதல் 8 மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். மைஆதார் இணையதளத்தில், பதிவு செய்த செல்போனுக்கு வரும் ஓடிபி போட்டு எடுக்கலாம். வெளியில் எடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பை அழித்ததைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

பி.எம். கிசான் போன்ற திட்டங்களுக்கு முழு எண்தான் வேண்டும். அப்போது ஜெராக்ஸின் குறுக்கே எதற்காக என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்தவற்றைத் திரும்ப வாங்க முடியாது. கைரேகையை அதே தளத்தில் பூட்டி வைக்கலாம். உரக்கடை மிஷினில் விரல் வைக்கும் முன் திறக்க மறந்தால், கைரேகை ஏற்காது!