களிம்பு அல்ல, கட்டளை

“பாய், அந்த அரிப்புக் களிம்பு ஒண்ணு கொடுங்க. போன தடவை கொடுத்தீங்கல்ல, அதே டியூப்.”

லால்பேட்டையோ, காட்டுமன்னார்கோயிலோ, சிதம்பரமோ, தமிழ்நாட்டில் எந்த ஊராக இருந்தாலும் சரி, மருந்துக்கடை வாசலில் சிறிது நேரம் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். மருத்துவர் சீட்டு இருக்காது. என்ன நோய் என்ற கேள்வியும் இருக்காது. படர்தாமரை, சேற்றுப்புண், முகத்தில் கரும்படலம் எல்லாவற்றுக்கும் அதே டியூப். வீராணம் ஏரியின் ஈரமும் கோடை வேர்வையும் சேரும் நம் பக்கத்தில் தோல் அரிப்புக்குப் பஞ்சமில்லை. நடவு வயலில் கால் ஊறுகிறவர்கள், நிழலும் ஈரமும் மாறாத வெற்றிலைக் கொடிக்காலில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், வளைகுடாவில் ஒரே அறையைப் பலரோடு பகிர்ந்துகொண்டு விடுமுறைக்கு வந்திருப்பவர்கள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் பலர். அவர்கள் வேதனை உண்மையானது. ஆனால் கையில் வாங்குவது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பத்தி.

அப்படி ஒரு டியூபைக் கையில் எடுத்துப் பாருங்கள். 15 கிராம்தான் இருக்கும். பொடி எழுத்தில் நான்கு மருந்துகளின் பெயர்கள்: பூஞ்சையைக் கொல்ல டெர்பினாஃபின், பாக்டீரியாவுக்கு ஒஃப்ளாக்சசின், இன்னொரு கிருமிநாசினியாக ஆர்னிடசோல், கடைசியில் குளோபீட்டாசோல் புரோப்பியோனேட் 0.05 சதவீதம். அளவில் மிகச் சிறிய அந்தக் குளோபீட்டாசோல்தான் இந்த டியூபின் எசமான். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது அது. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்குகிறதே, அந்தப் புகழ் பெரும்பாலும் அதற்கே உரியது.

எப்படி அடக்குகிறது? ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள். செல்லின் மேலுறையும் கொழுப்பால் ஆனது. எனவே தடையில்லாமல் உள்ளே போய்விடுகிறது. அங்கே ரிசெப்டர் எனப்படும் ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. துணைப் புரதங்கள் சில அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. ஸ்டீராய்டு வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, பிடி தளர்கிறது, அது செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறது. இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் 15 எழுத்து நீளமுள்ள குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து உட்காருகின்றன. பிறகு மற்றப் புரதங்களை அங்கே வரவழைக்கின்றன. இறுகச் சுற்றியிருந்த டிஎன்ஏ அவிழ்கிறது. அருகிலுள்ள மரபணு படியெடுக்கப்பட்டு, அதற்குரிய புரதம் உருவாகிறது. வேறு சில மரபணுக்கள் விஷயத்தில் இதே ஏற்பி குறுக்கே நின்று, படியெடுப்பை நிறுத்துகிறது.

வீராணத்துக் கரையில் வாழும் நமக்கு இது விளங்காததல்ல. ஏரித் தண்ணீர் ஒன்றுதான். எந்த மதகு திறந்திருக்கிறதோ அந்த வாய்க்காலில்தான் ஓடும். உடம்பின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் மரபணுத் தொகுப்பு ஒன்றுதான். எவை திறந்தவை, எவை மூடியவை என்பதில்தான் தோல் தோலாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருக்கின்றன. ஸ்டீராய்டு என்பது மேலிடத்து உத்தரவு. மதகின் ஷட்டரைத் திருகும் ஊழியரான லஸ்கர்தான் ஏற்பி.

ஸ்டீராய்டு போன்ற ஹார்மோன் நேராக மரபணுவிடம் பேசுகிறது என்பதை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பூச்சி என்பது எனக்கு இன்றும் வியப்பு. புட்டனான்ட், கார்ல்சன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகள் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்து, 1954இல் வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோன் எடுத்தார்கள். புழு தோலுரிக்கவும் கூட்டுப்புழுவாகவும் வேண்டிய ஸ்டீராய்டு ஹார்மோன் அது. 1960இல் கார்ல்சனும் கிளெவர் என்ற விஞ்ஞானியும் அதைக் கைரோனோமஸ் என்ற பூச்சியின் புழுவில் செலுத்தினார்கள். நீர்நிலைகளை ஒட்டிய ஊர்களில் மாலை விளக்கைச் சுற்றி மொய்க்கும், கடிக்காத கொசு போன்ற பூச்சிகளின் குடும்பம்தான் இது. அந்தப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும் அளவு பெரியவை. எக்டைசோன் உள்ளே போன அரை மணி நேரத்துக்குள் குரோமோசோமின் குறிப்பிட்ட இடங்கள் உப்பி எழுந்தன. அந்த இடத்து மரபணு வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது.

மனிதரில் ஸ்டீராய்டு மருந்தின் கதை 1948இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குப் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்து உடம்பில் யாரிடம் பேசுகிறது என்பது முழுதாகத் துலங்க நெடுங்காலம் ஆனது. விஞ்ஞானி ரொனால்ட் எவன்ஸின் குழு மனித ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தது 1985இல். ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் இதே குடும்பத்து ஏற்பிகள் உண்டு என்பது பிறகு தெரியவந்தது. மனித உடம்பில் அந்தக் குடும்பத்துக்கு 48 உறுப்பினர்கள்.

இப்போது நம் டியூபுக்கு வருவோம். அரிப்பையும் சிவப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரதங்களின் மரபணுக்களை ஸ்டீராய்டு மூடிவிடுகிறது. நோயாளிக்கு நிம்மதி. ஆனால் அரிப்பும் வீக்கமும் பூஞ்சையோடு உடம்பு நடத்தும் போரின் அடையாளங்கள். போர் நின்றுவிட்டது, எதிரி சாகவில்லை. அதே டியூபில் பூஞ்சைக்கொல்லி இருக்கிறதே என்று கேட்கலாம். அரிப்பு நின்றதும் நான்காம் நாள் பூசுவதை விட்டுவிடுகிறோம். அதற்குள் பூஞ்சை செத்திருக்காது. மறுபடி அரிப்பு, மறுபடி டியூப். ரூபாய் நாணய அளவில் இருந்த படை இடுப்பு முழுக்க ஏறுகிறது. மருத்துவரே பார்த்ததும் அடையாளம் காண முடியாதபடி உருமாறுகிறது. நேபாளத்தையும் இந்தியாவையும் சேர்ந்த நோயாளிகளிடம் கண்டெடுத்த ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் ‘டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே’ என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபினுக்கே பல நேரம் அடங்காத பூஞ்சை அது. கண்டபடி பூசப்படும் கலவைக் களிம்புகள் அது பரவத் துணைபோயின என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

முகத்துக்குப் பூசுவது இன்னும் கொடுமை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனின் மரபணுவையும் இந்த மருந்து அடக்குகிறது. முதல் சில வாரங்கள் முகம் வெளுத்து, பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலியும். சிவந்த ரத்த நாளங்கள் தெரியும். பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். அந்த எரிச்சலைத் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். நாட்டின் 12 மையங்களில் முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்ல. கல்யாணத்துக்கு முன் நிறம் கூட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் இதில் பங்கு உண்டு.

ஸ்டீராய்டை மாத்திரையாக விழுங்கும்போது உத்தரவு உடம்பு முழுக்கப் போகிறது. கல்லீரலில் சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்கள் விழிக்கும். சர்க்கரை நோயாளிக்கு அளவு எகிறும். எலும்பு மெலியும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருப்பதால் மூளை தன் சமிக்ஞையைக் குறைக்கும். அட்ரினல் சுரப்பி தன் சொந்தச் சுரப்பை நிறுத்திச் சோர்ந்துவிடும். பல வாரங்கள் சாப்பிட்டவர் திடீரென விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, வயிற்றுப் பிள்ளையின் நுரையீரலில் முதிர்ச்சிக்கான மரபணுக்களை எழுப்பி, பிறந்ததும் மூச்சுவிட வைக்கிறது. லிகின்ஸ், ஹவி என்ற மருத்துவர்கள் 1972இல் நிரூபித்த உண்மை இது. கொரோனா காலத்தில் 2020 ஜூனில் வெளியான பிரிட்டன் ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பயன் எதுவும் கிடைக்கவில்லை. மருந்து ஒன்றே, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் வாழ்வும் கேடும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் பயந்து ஒதுக்காதீர்கள். அதன் ஸ்டீராய்டு சிறிய அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்த உடனே பலன் தெரியவில்லை என்று விட்டுவிடவும் கூடாது. மரபணு விழித்துப் புரதம் உருவாக மணிக்கணக்கு வேண்டும்.

தோல் மருத்துவர் சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்பு மருந்துகளை அட்டவணை ‘எச்’சில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் தாளில் இருக்கிறது. டியூப் இன்னமும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு டியூபில் வரும் சில ரூபாய் லாபத்துக்காக அடுத்த தெருப் பிள்ளையின் தோலைப் பணயம் வைக்காதீர்கள். வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் களிம்பை இன்றே எடுத்து உறையைப் படியுங்கள். குளோபீட்டாசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதேனும் பெயர் இருந்தால், அது மருத்துவர் உங்களுக்கு எழுதித் தந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.