மகள் பெயர் வைத்த வண்டி

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக ராசிபுரம் போயிருந்தேன். ராசிபுரம் என்றதும் சிலருக்கு நெய் ஞாபகம் வரும். பெண்மணிகளுக்குப் பட்டுப் புடவை ஞாபகம் வரும். எனக்கு இரண்டுமே ஞாபகம் வந்தன. நெய்யைப் பந்தியில் கவனித்துக்கொள்ளலாம், புடவைப் பேச்சு மட்டும் வீட்டில் கிளம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மாலை மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்து வாசலில் நாகஸ்வரக்காரர் சீவாளியைச் சரி செய்து கொண்டிருந்தார். திடீரென்று குழந்தைகள், "பென்ஸ் காரு! பென்ஸ் காரு!" என்று கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடின. பின்னாலேயே பெரியவர்களும் ஓடாத குறையாகப் போனார்கள். ரோஜாப் பூ ஜோடித்த வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. அதன் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம்.

எனக்குப் பின்னால் இரண்டு அம்மாள்கள் ரகசியம் பேசினார்கள். ரகசியம் என்றால் பத்தடி தூரம் கேட்கும் ரகசியம்.

"பொண்ணு வீட்டுல போட்டதாட்ட இருக்குது."

"பின்னே? மாப்பிள்ளை எஞ்சினீருல்ல!"

எனக்குச் சுருக்கென்றது. பெண்ணின் தகப்பனார் என் சிநேகிதர். நாலு தறி வைத்துப் பிழைக்கிறவர். அவர் பென்ஸ் கார் வாங்கிக் கொடுத்திருந்தால் தறியெல்லாம் போயிருக்கும். தறிக்கூடமும் கூடவே போயிருக்கும். அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை. பக்கத்தில் பார்த்தேன். எல்லோரும் எழுந்து போய்விட, ஒரே ஒரு கிழவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு அம்மா வழிப் பாட்டனார். குழந்தைகள் வாயில் 'அப்புச்சி'. எண்பதைத் தாண்டியவர்.

"ஐயா, நீங்கள் கார் பார்க்கப் போகவில்லையா?" என்றேன்.

"நான் பாக்காத பென்ஸுங்களா தம்பி? பதினெட்டு வருஷம் அது மேலதானுங்க குடித்தனம் பண்ணுனேன்."

"காரா?"

"லாரிங்க. எங்க காலத்துல இந்தப் பக்கம் பென்ஸுன்னா லாரிதானுங்க."

அவர் சொன்னது வாஸ்தவம். இன்று பென்ஸ் என்றால் பணக்காரர் வீட்டுக் கார் என்று நினைக்கிறோம். ஆனால் நம் தேசத்துச் சாலைகளில் அந்தப் பெயரைப் பரப்பியவை மூட்டை சுமந்த லாரிகள். ஜாம்ஷெட்பூரில் 1945-ல் துவங்கிய டாடாவின் டெல்கோ கம்பெனி, 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கம்பெனியோடு பதினைந்து வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படி வந்ததுதான் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி. நாமக்கல் லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர் வாங்கியது. சங்ககிரி லாரிகளின் எண்ணிக்கையிலும், திருச்செங்கோடு ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளிலும் பெயர் வாங்கின. ஆறு இல்லாத மேட்டு நிலத்து மனிதர்கள் மழையை நம்பியது போதும் என்று சக்கரத்தை நம்பினார்கள்.

"ஜாம்ஷெட்பூருக்கு ரயில்ல போவமுங்க. திரும்பறப்போ வெறும் சேஸை ஓட்டிக்கிட்டு வருவோம். கூரையும் கெடையாது, கதவும் கெடையாது. ஒரு பலகையைக் கட்டி அது மேல உக்காந்துக்கறது. ஆயிரம் மைலுக்கு மேல வெயிலு, மழை எல்லாம் நம்ம தலையிலதான். நாமக்கல் வந்து பாடி கட்டுன பொறவுதான் அது லாரிங்க" என்றார் பெரியவர்.

பிறகு அதே வண்டியில் சவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போவாராம். ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. நட்சத்திரம் போய், டாடாவின் பெயர் மட்டும் நின்றது.

"நட்சத்திரம் போச்சுன்னதும் சில பேரு முனகுனாங்க. நான் சொன்னேன், எஞ்சின் சத்தத்தைக் கேளு, அதேதான்னு. பேரு மூக்குல இல்லீங்க தம்பி, ஏத்தத்துல தெரியும்."

இந்த வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் உண்மையில் யார்?

சரித்திரப் புத்தகத்தில் கார்ல் பென்ஸ் என்று இருக்கும். அது சரிதான். 1886-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி, பெட்ரோலிய ஆவியில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றுக்கு அவர் பேடண்ட் உரிமை கேட்டு மனுப் போட்டார். ஒரு குதிரை சக்திகூட இல்லாத எஞ்சின். மோட்டார் வண்டியின் ஜாதகம் அன்றுதான் எழுதப்பட்டது என்பார்கள்.

ஆனால் ஜாதகம் எழுதினால் போதுமா? ஊர் நம்ப வேண்டாமா? வண்டியை வாங்க ஆள் வரவில்லை. கார்ல் பென்ஸ் கெட்டிக்காரர். ஆனால் சந்தேகப் பிராணி. இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும் என்று பட்டறையிலேயே கிடந்தார். அவருடைய மனைவி பெர்த்தாவுக்குப் பொறுமை தீர்ந்தது.

பெர்த்தா சாமானியப் பெண் அல்ல. தச்சுத் தொழிலில் முன்னுக்கு வந்த ஒருவரின் மகள். 1872-ல் கல்யாணம். அதற்கு முன்பே தனக்குச் சேர வேண்டிய சீதனப் பணத்தை வாங்கி, வருங்காலக் கணவரின் பட்டறையில் போட்டாள். கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்கிப் பட்டறையைக் காப்பாற்றியது அந்தப் பணம்தான்.

1888-ம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விடியற்காலை, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பதினைந்து வயது ஆய்கனையும் பதின்மூன்று வயது ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு, மன்ஹைமிலிருந்து வண்டியைக் கிளப்பினாள். அம்மா வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம் நூறு கிலோமீட்டருக்கு மேல். அது வரை யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. நம் ஊரில் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. கணவருடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக அம்மா வீட்டுக்குப் போனவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்!

வழியில் எண்ணெய் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் ஏறி, துணிக் கறை போக்க விற்ற லிக்ராயின் எண்ணெயை வாங்கி ஊற்றினாள். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியை எடுத்துக் குத்தி எடுத்தாள். மின்கம்பியின் மேலுறை தேய்ந்தது. மேஜோட்டைப் பிடித்து நிறுத்தும் பட்டையைக் கழற்றிச் சுற்றினாள். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டுத் தோல் வைத்து அடிக்கச் சொன்னாள். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இருட்டும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தாள். வீடு திரும்பியதும், ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று யோசனையும் சொன்னாள்.

இதைக் கேட்ட பெரியவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். "ஏத்தத்துக்குக் கியர் வேணும்னு அந்த அம்மா சொல்லுச்சுங்களா? அவங்கதான் டிரைவருங்க!" என்றார். அந்த அம்மாளுக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் யாரும் கொடுத்திருக்க முடியாது.

சரி, பென்ஸ் கிடக்கட்டும். மெர்சிடிஸ் யார்? அதுவும் ஒரு பெண்தான். டைம்லர் கம்பெனி கார்களை வாங்கி விற்ற எமில் யெல்லினெக் என்ற வியாபாரிக்கு மெர்சிடிஸ் என்று ஒரு மகள்; 1889-ல் பிறந்தவள். மகள் மேல் உயிர். வண்டிக்கு அவள் பெயரை வைத்தார். 1901-ல் பிரான்ஸில் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் அந்த வண்டி ஜயித்தது. 1902-ல் அந்தப் பெயர் கம்பெனியின் முத்திரையாகப் பதிவாயிற்று. 1903-ல் அப்பா தன் பெயரையே யெல்லினெக்-மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். நம்மில் தகப்பன் பெயர் மகளுக்கு இனிஷியல் ஆகும்; அங்கே மகள் பெயர் தகப்பனோடு ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயர்கூட மனிதரோடு உலகம் சுற்றுவது உண்டு. ஆர்.கே. நாராயண் என்ற பெயரில் முன்னால் நிற்கும் 'ஆர்' ராசிபுரம்தானே?

ஆனால் பெயர் கொடுத்தவர்களுக்குப் பெயரின் பாக்கியம் கிடைப்பதில்லை. அந்த மெர்சிடிஸ் 1929-ல் முப்பத்தொன்பது வயதில் இறந்துபோனாள். கார்ல் பென்ஸ் காலமானதும் அதே வருஷம்தான். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1926-ல், டைம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் ஒன்றாகியிருந்தன. தகப்பன் வைத்த மகள் பெயரும், மனைவி காப்பாற்றிய கணவன் பெயரும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டன.

இதோடு நிறுத்தினால் கதை இனிப்பாக முடிந்துவிடும். அது நியாயம் அல்ல. ஹிட்லர் ஆட்சியில் இந்தக் கம்பெனி யுத்தத் தளவாடங்களும் விமான எஞ்சின்களும் செய்தது. 1944-ல் அதில் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் பலவந்தமாகப் பிடித்து வரப்பட்டவர்களும், யுத்தக் கைதிகளும், வதைமுகாம் கைதிகளும்தான். அதே 1944-ல்தான், மே மாதத்தில், பெர்த்தா பென்ஸ் தொண்ணூற்றைந்து வயதில் கண் மூடினாள். மருந்துக் கடையில் எண்ணெய் வாங்கி அவள் ஓட்டிக் காட்டிய வண்டியின் பெயர், அன்று எத்தனை பேருடைய கண்ணீரில் நனைந்து கிடந்தது!

1988-ல் கம்பெனி இரண்டு கோடி மார்க் கொடுத்தது. 2000-ல் ஜெர்மன் அரசாங்கமும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஏற்படுத்திய நிதியிலும் பங்கெடுத்துக்கொண்டது. பணம் கொடுத்தால் பாவம் தீருமா என்று கேட்பீர்கள். தீராது. ஆனால் நடந்ததை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது இன்னும் பெரிய பாவம். பிறகும் சோதனை நிற்கவில்லை. டீசல் கார்களின் புகை விவகாரத்தில் மேற்பார்வைக் கடமை தவறியதற்காக 2019-ல் ஸ்டுட்கார்ட் நகரத்து அரசு வழக்கறிஞர்கள் 87 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். நல்ல பெயர் என்பது பாங்கியில் போட்ட பணம் அல்ல, சும்மா இருந்தால் வட்டி ஏறுவதற்கு. அது ஏற்றத்தில் நிற்கும் லாரி. பிரேக்கை விட்டால் பின்னால்தான் போகும்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கையில் என் மனத்தில் அந்த ரகசியம் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் மென்று விழுங்கிக் கேட்டேவிட்டேன்.

"அந்தக் கார்... பெண் வீட்டில் போட்டது என்று பேசிக்கொள்கிறார்களே?"

பெரியவர் உரக்கச் சிரித்தார். "வாடகைங்க தம்பி! சேலத்து வண்டி. மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க ஆசைப்பட்டுக் கொண்டாந்தாங்க. நாளைக்கு மத்தியானம் திரும்பிப் போயிரும்." சிரிப்பு அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணும் கேக்கலீங்க. கேட்டிருந்தா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நான் ஓட்டுன பென்ஸும் என்னுது இல்லீங்க, மொதலாளியுது. ஆனா மூணு பொண்ணுங்களைப் படிக்க வெச்சுது. எனக்கு அந்தப் பேரு போதும்."

என் நெஞ்சிலிருந்து ஒரு லாரி பாரம் இறங்கியது. அன்று ராத்திரி நெய்யும் நன்றாக இறங்கியது.

மறுநாள் ஆண்டகளூர் கேட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். பெரிய சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் முகத்தில் 'பாரத் பென்ஸ்' என்று இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 2012-ல் திறந்த டைம்லர் தொழிற்சாலையில் செய்த வண்டி. 1969-ல் நம் லாரியிலிருந்து இறங்கிப் போன பெயர், நாற்பத்து மூன்று வருஷம் கழித்துத் தமிழ்நாட்டிலேயே பிறந்து வந்திருக்கிறது!

அந்த லாரியின் முன் கண்ணாடிக்கு மேலே, கம்பெனியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், இரண்டு பெண் குழந்தைகளின் பெயர்கள் எழுதியிருந்தன. சொந்தக்காரரின் மகள்களாக இருக்க வேண்டும். நூற்றிருபது வருஷத்துக்கு முன் நீஸ் நகரத்தில் ஒரு தகப்பன் செய்ததைத்தான் நம் ஊர்த் தகப்பனும் செய்திருக்கிறார். சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

பெர்த்தாவின் சீதனம் ஒரு காரைப் பிறப்பித்தது. இன்று கார்கள் சீதனமாகப் போகின்றன. வீட்டில் பெண் குழந்தை உள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காரை மகளுக்குப் போடாதீர்கள்; மகள் பெயரைக் காருக்குப் போடுங்கள். முடிந்தால் ஸ்டியரிங்கையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்!