சத்தம் போடாத படகும் ஒரு சுத்தமான பொய்யும்

மன்னார் வளைகுடா தீவுகளைச் சுற்றி கயாக் விட அனுமதி கொடுக்கணும் என்று எங்கள் வகுப்பில் ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. வெளிநாட்டுத் தீவுகளில் திமிங்கிலத்துக்குப் பக்கத்தில் துடுப்பு போடுகிற ரீல்ஸ் பார்த்து வந்த ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. அதற்குச் சொல்கிற காரணங்கள்தான் தப்பு. திட்ட நினைக்கிறவர்கள் முழுசாப் படிச்சிட்டு திட்டுங்க :-)

விஷயம் தெரியாதவர்களுக்கு: ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் வரிசையாக 21 சின்னத் தீவுகள். 1986-ல் இவற்றை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நினைத்தவர்கள் நினைத்த நேரத்தில் போய் இறங்க முடியாது. அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையை சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இனி நம்ம ஆட்களின் வாதங்கள்.

"கயாக்கில் மோட்டார் இல்லை, புகை இல்லை, சத்தமில்லை. அப்புறம் என்ன தொந்தரவு?"

இதுதான் அந்தப் பொய். மோட்டார் படகு வந்தால் தூரத்திலேயே கேட்கும். கயாக் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்வாக, ஓசையில்லாமல் நெருங்கும். இரை தேடி வருகிற மிருகமும் அப்படித்தான் வரும்! பெரிய படகு தட்டிவிடும் ஆழமில்லாத இடத்துக்குள்ளும் கயாக் சுலபமாக நுழையும். கரைப்பறவைகள் இளைப்பாறுவதும், பவளம் மேலாக இருப்பதும் அந்த இடங்களில்தான்.

குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருகிற கரைப்பறவைகள், திரும்பிப் போவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நாம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் அவை எழுந்து பறந்தால் சேர்த்த கொழுப்பு கரையும். நமக்கு அது ஒரு அழகான போட்டோ. பறவைக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

ரீல்ஸ் வருகிற ஊர்களில் என்ன சட்டம் என்றும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணம், சான் வான் தீவுகள் பகுதி, கயாக்காரர்களின் சொர்க்கம். அங்கே அழிவின் விளிம்பில் இருக்கும் ஓர்கா திமிங்கிலக் கூட்டத்திடமிருந்து 1000 கெஜம், அதாவது சுமார் 900 மீட்டர், தள்ளியிருக்க வேண்டும் என்று 2025 ஜனவரி முதல் சட்டம். கயாக்குக்கும் சேர்த்துத்தான். பறவைகளும் சீல்களும் தங்கும் சரணாலயத் தீவுகளுக்கு 200 கெஜம் தள்ளியே போகச் சொல்கிறார்கள். 'சத்தமில்லையே சார்' என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

"இழுவைமடி போட்டு கடலையே வழிக்கிறார்கள், அதை விட்டுட்டு எங்க சின்னப் படகா கண்ணில் படுது?"

கயாக்கை விட இழுவைமடி பெரிய கேடு. நூறு சதம் ஒப்புக்கொள்கிறேன். கடல் சூடாவது அதைவிடப் பெரிய கேடு. 2010-லும் 2016-லும் இங்கே பவளங்கள் வெளுத்துச் செத்தன. ஆனால் காய்ச்சலில் படுத்திருப்பவரை ஊரே போய் தட்டி எழுப்பி நலம் விசாரிக்குமா? கிளை விடும் பவளம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். படகிலிருந்து இறங்கி ஒரு மிதி மிதித்தால் பல வருஷ வளர்ச்சி போச்சு.

"நாங்க இயற்கையை நேசிக்கிறவங்க. பார்த்தால்தானே பாதுகாக்கத் தோணும்?"

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பாம்பன் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சைப் பிடித்து முங்குகிறவர்கள். அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் அவர்கள் பிழைப்பு. பூங்கா வந்த பிறகு அவர்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள். பிடிபட்டால் அபராதம். இருந்தும் மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்தார்கள். அவர்களுக்காகப் போராடிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது.

சோத்துக்காகப் போகிறவர் குற்றவாளி, பொழுதுபோக்குக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு போகிறவர் இயற்கை நேசர். இது என்ன நியாயம்? அந்தத் தீவுகளின் கதவை யாருக்காவது திறப்பதென்றால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் அந்தப் பெண்கள். நாம் கடைசி.

தீவுகள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கச்சான் காற்று கிளம்பினால் நம்மைத் தேடி வரப்போவது ரீல்ஸ் போட்டவர் இல்லை, ஏதோ ஒரு மீனவர்தான். தன் டீசலை எரித்துக்கொண்டு.

துடுப்பு போட்டே ஆகணும் என்றால் காரங்காட்டுக்குப் போங்க. அதே ராமநாதபுரம் மாவட்டம்தான், பாக் நீரிணைப் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். எங்கே போகலாம், எங்கே கூடாது என்று ஊர்க்காரரே சொல்வார். காசும் அந்த ஊருக்குப் போகும்.

தீவுகளை விட்டுடுங்க. நாம பார்க்காததால் இதுவரை எந்தத் தீவும் முழுகவில்லை.