முத்திரை வந்தது, தராசு எங்கே?

நாட்டில் 605 பொருள்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, 2030-க்குள் அதைப் பத்தாயிரம் ஆக்குவோம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார் மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல். பத்தாயிரம் வரட்டும். ஏற்கெனவே கொடுத்ததில் ஒன்று என்ன ஆனது என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வட்டவடை வரை வந்து பார்த்துவிட்டு அடுத்த எண்ணைச் சொல்லியிருக்கலாம்.

காந்தல்லூர் வட்டவடைப் பூண்டுக்குக் குறியீடு கிடைத்த செய்தி 2023 ஜனவரியில் வந்தது. பாலக்காட்டிலிருந்து அட்டப்பாடித் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் அதே பட்டியலில் இருந்தன. பூண்டுக்கு அந்தத் தகுதி உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மழை மறைவுச் சரிவு, குளிர், மேட்டு மண். பல் சிறிது, காரம் பெரிது. கந்தகச் சேர்மங்களும் எண்ணெய்ச் சத்தும் மற்ற ஊர்ப் பூண்டைவிட இதில் அதிகம் என்கிறது கேரள வேளாண் பல்கலைக்கழகம். தாளோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை போட்டால் மாதக்கணக்கில் கெடாது. உரித்த விரலில் வாசனை மறுநாளும் இருக்கும்.

இத்தனை சிறப்பும் உள்ள பூண்டு எங்கே விற்கிறது? மலையிறங்கித் தேனி மாவட்டத்து வடுகபட்டிக்கு வருகிறது, இல்லையென்றால் மேட்டுப்பாளையத்துக்குப் போகிறது. அங்கே இறங்கிய பிறகு அது வெறும் மலைப்பூண்டு. எந்த மலை என்று கேட்பாரில்லை. குறியீட்டைப் போட்டு விற்க வேண்டுமானால் விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளியாகப் பதிய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள், நல்ல காரியம். ஆனால் பத்து ரூபாய் கட்டியவரின் மூட்டையும் கட்டாதவரின் மூட்டையும் மண்டியில் ஒரே குவியலில்தான் விழும்.

ஏன் வேறெங்கும் விற்பதில்லை? விதையில் தொடங்குகிறது கதை. பூண்டுக்கு விதை என்றால் பூண்டுதான். ஏக்கருக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். கிலோ 300 ரூபாய் விற்கும் ஆண்டில் விதைக்கு மட்டும் 60,000 ரூபாய். இந்த மலைக் கிராமங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் அதற்கு எங்கே போவார்? வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். வாங்கியவர் அறுவடையை அவரிடமே போட வேண்டும், விலையையும் அவரே சொல்வார். இதில் வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. விதைப்புக் காலத்தில் பணத்தோடு மலையேறி வருபவர் அவர் ஒருவர்தான்.

இப்போது என் பழைய பல்லவிக்கு வருகிறேன். 2020 நவம்பர் 1-ஆம் தேதி கேரள அரசு 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. முட்டைக்கோஸுக்கு 11 ரூபாய், மரவள்ளிக்கு 12, கேரட்டுக்கு 21, பூண்டுக்கு 139. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்த விலை என்றார்கள். அப்படியானால் ஒரு கிலோ பூண்டு விளைவிக்கச் சுமார் 116 ரூபாய் ஆகிறது என்று அரசே கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்த 116-ஐ நான் போகுமிடமெல்லாம் சொல்லி நண்பர்களுக்குச் சலித்துவிட்டது. சலிக்கட்டும். 2022-இல் மத்தியப் பிரதேசத்தில் கிலோ சில ரூபாய்க்குக் கூட விலைபோகாமல் விவசாயிகள் பூண்டு மூட்டைகளைப் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டினார்கள். 2024-இல் அதே பண்டம் சில்லறைக் கடைகளில் 400 ரூபாயைத் தாண்டியது. நாட்டின் பூண்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. அங்கே சரிந்தால் வட்டவடையிலும் சரியும். அப்படிச் சரியும் ஆண்டில் ஏழை விவசாயியைத் தாங்கிப் பிடிக்க இருக்கும் ஒரே கயிறு 139.

அந்தக் கயிற்றைப் பிடிக்க என்ன வேண்டும்? பயிருக்குக் காப்பீடு, வேளாண் துறையில் பதிவு. குறிஞ்சிமலைச் சரணாலயம் 2006-இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து கொட்டகம்பூர், வட்டவடைப் பகுதியில் நிலப் பட்டா தகராறு ஓய்ந்தபாடில்லை. அந்த நிலத்தில் கொத்துகிறவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? காகிதம் இருந்தாலும் கொள்முதல் செய்யும் கேரள அரசு நிறுவனமான ஹார்ட்டிகார்ப் பணம் தருவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடுகிறது என்பது அங்கே பல ஆண்டுப் புலம்பல்.

இணையத்தில் நேரடியாக விற்கலாமே என்று ஒரு கூட்டம் கிளம்பும். மழையில் சாலை சரிந்தால் ஜீப்பே ஏறாத ஊருக்குக் கூரியர் வருமா என்று அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்கிற பொருளாதார நிபுணர்களுக்குப் பதில் சொல்லி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. குறியீடு வந்தால் போலி ஒழியும் என்பவர்கள் பக்கத்து மறையூரைப் பார்க்கலாம். அதன் வெல்லத்துக்கு 2019-லேயே முத்திரை கிடைத்தது. வெளியூர் வெல்லம் மறையூர்ப் பெயரில் விற்கிறது என்ற புகார் இன்றுவரை நிற்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. இதே மலைத்தொடரின் மறுபுறம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-இல் தனிக் குறியீடு கிடைத்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த பழைய சாலை வனத்துக்குள் மூடிக் கிடக்கிறது. இருபுறமும் பயிரிடுவோரில் பெரும்பாலோர் தமிழர், இரண்டும் வடுகபட்டி மண்டியில் சந்திக்கின்றன. தனித்தனி முத்திரை வாங்கிய இரண்டு மாநிலங்களும் சேர்ந்து ஒரு தராசு வைக்க இதுவரை முன்வரவில்லை.

வட்டவடையின் மேட்டு நிலங்களில் கிராண்டிஸ் என்னும் யூக்கலிப்டஸ் மரம் ஏறி ஊற்றுகளைக் குடித்துவிட்டதாக எல்லோரும் வருந்துகிறார்கள். பூண்டுக்கு நிலையான விலை இருந்திருந்தால் ஒரு கன்றைக்கூட யாரும் நட்டிருக்க மாட்டார்கள். மரத்தை வெட்டச் சொல்லும் ஆணைகளைவிட ஒரு ஏலக் களம் அதிக மரத்தைச் சாய்க்கும்.

கேரள வேளாண் துறை செய்ய வேண்டியது இதுதான்: அடுத்த அறுவடைக்குள் வட்டவடையின் கோவிலூரில் ஓர் ஏலக் களத்தைத் திறக்க வேண்டும், 139-க்குக் கீழே ஏலம் தொடங்கக் கூடாது, பணம் ஒரு வாரத்துக்குள் கைக்கு வர வேண்டும், விதைப்புக்குக் கூட்டுறவு வங்கி கடன் தர வேண்டும். இதைச் செய்யாமல் இன்னொரு முத்திரைக்கு விண்ணப்பம் போடுவது வீண் வேலை.